புது கார்டு போட்டதும் 'பட்'டென்று அணையும் கம்ப்யூட்டர்: மதர்போர்டை மாற்றும் முன் இதைப் பாருங்க!

சென்னை,

பெரம்பூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் சின்ன ஸ்டூடியோ அது. வைகாசி முகூர்த்த சீசன். ஸ்டூடியோக்காரர் கையில் ஏழு கல்யாணம் பாக்கி. "பென் டிரைவ் எப்ப தம்பி தருவே? மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க" என்று போன் மேல் போன்.

அவரிடம் இருந்தது கம்பெனி ஆபீசில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர். அதில் எடிட்டிங் ஆமை வேகத்தில் நடந்தது. சீட்டு எடுத்த பணத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது. வேலை வேகமாக ஓடியது. எல்லாம் முடித்து, முழு வீடியோவையும் ஒன்றாக்கும் 'எக்ஸ்போர்ட்' பட்டனைத் தட்டினார். பத்தே நிமிடம். 'பட்'. திரை இருட்டு. பேன் சத்தம் கூட இல்லை.

மறுபடி போட்டார். மறுபடி 'பட்'. ஏரியா மெக்கானிக் வந்து பார்த்தார். "மதர்போர்டு போச்சு சார். மாத்திடலாம். ஒன்பதாயிரம் ஆகும்" என்றார். ஸ்டூடியோக்காரருக்குத் தலை சுற்றியது. கேபினட்டைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு நேராக ரிச்சி தெருவுக்குப் போய்விட்டார்.

ஒரே ஒரு கேள்வி

அண்ணா சாலைக்குப் பின்னால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்து சந்தாக எலக்ட்ரானிக் கடைகள். அதில் ஒரு ஆள் மட்டும் உட்காரும் அளவு சர்வீஸ் கடை. அங்கிருந்த மூத்த மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"அணையறப்ப திரையில நீலக் கலர் வந்துச்சா தம்பி? இல்ல, கரெண்ட் கட் ஆன மாதிரி போச்சா?"

"கரெண்ட் கட் ஆன மாதிரிதான் அண்ணே."

"சும்மா இருக்கறப்ப போகுதா, வேலை கொடுத்தா போகுதா?"

"சும்மா இருந்தா நாள் பூரா ஓடுது. எக்ஸ்போர்ட் போட்டாத்தான் போகுது."

"அப்ப மதர்போர்டை ஏன் மாத்தணும்? முதல்ல எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரைப் பார்ப்போம்" என்றார் அவர்.

புதுசாக ஒரு பார்ட் போட்டதும் கம்ப்யூட்டர் அணைய ஆரம்பித்தால், நம்மில் பலர் செய்யும் தப்பு ஒன்றுதான். எப்படி அணைகிறது என்று பார்க்காமல், எதை வாங்கி மாற்றுவது என்று யோசிக்கிறோம். பணம் போவது அங்கேதான்.

எப்படி அணைகிறது?

அணைவதில் பல தினுசு உண்டு. ஒவ்வொன்றும் ஒரு துப்பு.

* வேலை கொடுத்ததும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 'பட்'டென்று போனால், முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல். கேம், வீடியோ எக்ஸ்போர்ட் மாதிரி கனமான வேலையில்தான் இது நடக்கும்.

* கொஞ்ச நேரம் ஓடி, பேன் சத்தம் ஏறிக்கொண்டே போய், பிறகு அணைந்தால் சூடு. உடனே போட்டால் சீக்கிரமே மறுபடி அணையும். ஆறவிட்டுப் போட்டால் கொஞ்ச நேரம் தாங்கும்.

* நீலத் திரை வந்து தானாக ரீ-ஸ்டார்ட் ஆனால், பெரும்பாலும் ரேம் அல்லது டிரைவர் சாப்ட்வேர்.

* ஆன் செய்ததும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணி முடிப்பதற்குள் ஒவ்வொரு முறையும் சரியாக அதே நேரத்தில் அணைந்தால், அது வேறு கதை. அதைக் கீழே பார்க்கலாம்.

முதல் வேலை: புதுசைக் கழட்டுங்க

செலவே இல்லாத சோதனை இது. கம்ப்யூட்டரை ஆப் செய்து, பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை சில நொடி அழுத்தி, மிச்சம் மீதி மின்சாரத்தை இறக்குங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, புதிதாகப் போட்ட பார்ட்டை மட்டும் கழட்டுங்கள். பழையபடி ஓட்டிப் பாருங்கள்.

பழையபடி ஒழுங்காக ஓடினால் மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க் மேல் சந்தேகம் வெகுவாகக் குறைந்துவிடும். மிச்சம் இருப்பது இரண்டுதான். ஒன்று, புது பார்ட்டே கோளாறு. இல்லை, புது பார்ட் கேட்கும் தீனியைக் கம்ப்யூட்டரால் போட முடியவில்லை.

கழட்டிய பிறகும் அணைந்தால்? மாட்டும்போது வேறு எதையோ அசைத்துவிட்டோம் என்று அர்த்தம். புராசசருக்குப் பக்கத்தில் மாட்டும் 4 பின் அல்லது 8 பின் பவர் வயர் கொஞ்சம் வெளியே வந்திருக்கலாம். மதர்போர்டின் பெரிய பவர் வயர் பாதி மட்டும் இறங்கியிருக்கலாம். கை பட்டு புராசசர் மேல் இருக்கும் பேன் ஒரு பக்கம் தூக்கியிருக்கலாம். எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

ஒரே நாளில் ரேம், கார்டு, ஹார்ட் டிஸ்க் என்று மூன்றும் போட்டிருந்தால் மூன்றையும் கழட்டிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். எதைப் போட்டதும் அணைகிறதோ, அங்கேதான் சிக்கல்.

எஸ்.எம்.பி.எஸ். கணக்கு

சுவரில் இருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. இன்றைய கம்ப்யூட்டரில் புராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டும் சாப்பிடுவது 12 வோல்ட் லைனில்தான். அளவுக்கு மேல் இழுத்தால், எரிந்துவிடக் கூடாது என்று பெட்டி தானே அணைந்துகொள்ளும். அதாவது அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. அப்படி அணைந்த பிறகு பட்டனை எத்தனை முறை தட்டினாலும் சில பெட்டிகள் எழுந்திருக்காது. மெயின் சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால்தான் வரும். இந்த அடையாளம் தெரிந்தால் எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகம் இன்னும் பலமாகும்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். கொட்டை எழுத்தில் 450 வாட் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள். 216 வாட். கார்டுக்கும் புராசசருக்கும் சேர்த்துக் கிடைப்பது அவ்வளவுதான். 12 வோல்ட் லைன் இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். மொத்தம் இத்தனை வாட் என்று தனியாகப் போட்டிருக்கும் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி செலவுக் கணக்கு. ஸ்டூடியோக்காரரின் கம்ப்யூட்டரில் இருந்தது 240 வாட் எஸ்.எம்.பி.எஸ். புராசசர் 65 வாட். புது கார்டு 130 வாட். மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், பேன் எல்லாம் சேர்த்து ஒரு 40, 50 வாட். கூட்டிப் பாருங்கள். கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற மாதிரிதான்.

அதோடு முடியவில்லை. கார்டில் எழுதியிருக்கும் வாட் சராசரிதான். கனமான வேலை ஓடும்போது, கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, அதைவிட ரொம்ப அதிகமாக ஒரு இழுப்பு இழுக்கும். பழைய சின்ன பெட்டி அந்த இழுப்பில்தான் விழுகிறது. அதனால்தான் கார்டு கம்பெனிகள் தாராளமாகக் கணக்குப் போடச் சொல்கின்றன. ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 170 வாட்தான். ஆனால் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வையுங்கள் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். 115 வாட் எடுக்கும் ஆர்.டி.எக்ஸ். 4060-க்கும் அதே 550 வாட்தான் சிபாரிசு.

காசு செலவழிக்காமல் இதை உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. 'எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர்' என்ற இலவச சாப்ட்வேரில் கார்டின் பவர் அளவைக் குறைக்கலாம். பெரும்பாலான கார்டுகளில் இது வேலை செய்யும். 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே வேலையைக் கொடுங்கள். இப்போது அணையவில்லை என்றால், பெரும்பாலும் குற்றவாளி எஸ்.எம்.பி.எஸ்.தான்.

கன்வெர்ட்டர் வயர்: உஷார்!

ஸ்டூடியோக்காரரின் பெட்டியில் கார்டுக்கான 8 பின் வயரே கிடையாது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் வயரில் ஒரு கன்வெர்ட்டரைச் சொருகி, அதிலிருந்து கார்டுக்குக் கொடுத்திருந்தார்கள். மெக்கானிக் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "நல்லவேளை தம்பி, உருகல" என்றார்.

விஷயம் என்னவென்றால், கார்டு மாட்டும் ஸ்லாட் மூலமாக அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். கார்டில் 6 பின் இருந்தால் கூடுதலாக 75 வாட், 8 பின் இருந்தால் 150 வாட் கேட்கும் என்று அர்த்தம். ஆனால் ஒரு சாட்டா பவர் முனை 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்தான். 54 வாட் வயரில் 150 வாட்டை இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், கருகல் வாசனை வரும், தீயும் பிடிக்கலாம். கார்டு பவர் வயர் பெட்டியில் இல்லையா? இந்தப் பெட்டி அந்தக் கார்டுக்கு ஆகாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய எஸ்.எம்.பி.எஸ். வாங்க வசதி இல்லாதவர்கள், தனி வயர் தேவைப்படாத 75 வாட் கார்டாகப் பார்த்து வாங்கலாம். அப்போதும் மேலே சொன்ன கூட்டல் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

சூடு ஏறினால் தானே தூங்கும்

புராசசர் 100 டிகிரிக்குப் பக்கத்தில் போனால் முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதிலும் அடங்காவிட்டால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும்.

புது கார்டு போட்டால் கேபினட்டுக்குள் ஒரு அடுப்பு வைத்த மாதிரி. காற்று வெளியே போக வழி வேண்டும். பேன் இறக்கையில் தூசி அப்பியிருக்கிறதா, வயர்கள் பேனை மறைக்கிறதா, கேபினட் சுவரோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். மேஜைக்குக் கீழே கதவு போட்ட அறையில் வைத்திருந்தால் கதவைத் திறந்து வையுங்கள்.

ஒரு சுலப சோதனை. கேபினட்டின் பக்க மூடியைக் கழட்டி, எதிரே டேபிள் பேனைப் போட்டு அதே வேலையைக் கொடுங்கள். இப்போது அணையாமல் ஓடினால் சூடுதான் காரணம். தூசி தட்டி, புராசசர் மேல் தடவும் பேஸ்டைப் புதுசாகப் போட்டால் பல கம்ப்யூட்டர்கள் சரியாகிவிடும். டாஸ்க் மேனேஜரில் 'பெர்பார்மன்ஸ்' பகுதியில் கிராபிக்ஸ் கார்டின் சூடு எத்தனை டிகிரி என்று காட்டும்.

நாலு செகண்ட் மர்மம்

ஆன் செய்ததும் நாலு செகண்டில் அணைகிறது. மறுபடியும் நாலு செகண்ட். எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் அதே கதை. என்ன காரணம்?

பவர் பட்டனை நாலு செகண்ட் அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். கேபினட்டைக் கழட்டி மாட்டும்போது முன்பக்க மூடி சற்றுத் தள்ளி உட்கார்ந்தால், பட்டன் உள்ளே அமுங்கியபடியே இருக்கும். யாரோ அழுத்திப் பிடிப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் அணைகிறது. பட்டனை விரலால் நெம்பிவிட்டால் சரி. இதற்குப் போய் மதர்போர்டு மாற்றினால் யாருக்கு நஷ்டம்?

இன்னொன்று, காணாமல் போன ஸ்க்ரூ. கார்டு மாட்டும்போது விழுந்த ஒரு சின்ன ஸ்க்ரூ மதர்போர்டுக்கு அடியில் போய் நின்றால் ஷார்ட் ஆகும். கழட்டிய ஸ்க்ரூவை எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தால் கேபினட்டை மெதுவாகச் சாய்த்து, குலுக்கித் தேடி எடுத்த பிறகே கரெண்ட் கொடுங்கள்.

பழைய மதர்போர்டு என்றால் இன்னொரு பார்வையும் வேண்டும். சின்ன டப்பா மாதிரி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா? பூரி மாதிரி உப்பியிருந்தால் அந்தப் போர்டில் புது கார்டு போட்டுப் பிரயோஜனம் இல்லை.

ரேம் போட்டபின் நீலத் திரையா?

ரேம் கோளாறு பெரும்பாலும் 'பட்'டென்று அணைக்காது. நீலத் திரை காட்டும், இல்லை ரீ-ஸ்டார்ட் ஆகும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை மட்டும். எதில் சிக்கல் என்று தெரிந்துவிடும். தங்க நிறப் பல்லை ரப்பரால் லேசாகத் துடைத்து, 'டக்' என்ற சத்தம் வரும்வரை இரண்டு பக்கமும் அழுத்தி மாட்டுங்கள். விண்டோசிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்று ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கிடைக்கும்.

யு.பி.எஸ். மேல் பழி

வீட்டில் பழைய யு.பி.எஸ். இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். பல வீடுகளில் இருப்பது 600 வி.ஏ. யு.பி.எஸ். அதில் 600 வாட் கிடைக்கும் என்று நினைப்பது தப்பு. பொதுவாகத் தாங்குவது 360 வாட். அதில் மானிட்டரும் ஓடுகிறது. பேட்டரி மூன்று வருடப் பழசாக இருந்தால் அதுவும் கிடைக்காது. கரெண்ட் ஒரு நொடி தள்ளாடும்போது பேட்டரிக்கு மாறி, புது கார்டின் பாரம் தாங்காமல் யு.பி.எஸ். விழும். கம்ப்யூட்டரும் விழும்.

ஜெராக்ஸ் கடைகளில் இன்னொரு கூத்து. புதுசாக வாங்கிய லேசர் பிரிண்டரையும் அதே யு.பி.எஸ்.சில் சொருகிவிடுவார்கள். பிரிண்டர் சூடேறும்போது பலமாகக் கரெண்ட் இழுக்கும். பிரிண்ட் கொடுத்ததும் கம்ப்யூட்டர் அணைகிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கும். பிரிண்டரை நேரடியாகச் சுவர் பிளக்கில் போடுங்கள். கம்ப்யூட்டரையும் ஒரு நாள் யு.பி.எஸ். இல்லாமல், எர்த் உள்ள சுவர் பிளக்கில் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் எழுதும் டைரி

விண்டோஸ் ஒவ்வொரு நாளும் நடந்ததை எழுதி வைக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' உள்ளே 'சிஸ்டம்' என்பதைப் பாருங்கள். 1074 என்ற எண் இருந்தால் யாரோ அல்லது ஏதோ ஒரு சாப்ட்வேர் ஒழுங்காக ஷட் டவுன் செய்திருக்கிறது. 'கெர்னல் பவர்' 41, அல்லது 6008 என்று இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்திருக்கிறது. 41-ஐத் திறந்து பார்த்து, 'பக்செக் கோடு' 0 என்று இருந்தால் நீலத் திரை எதுவும் பதிவாகவில்லை. அப்படியானால் முதலில் கரெண்ட், எஸ்.எம்.பி.எஸ்., சூடு பக்கம் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறந்து பார்க்காதீர்கள். உள்ளே 230 வோல்ட் ஏசி, சுமார் 325 வோல்ட் டிசியாக மாறி கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். உயிருக்கே ஆபத்து.

பில் கேளுங்க

செகண்ட் ஹேண்ட் பார்ட் என்றாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடைக்காரர் பில் தராததே முறையற்ற வியாபாரம். கோளாறான பொருளை பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். ஆனால் கார்டு நன்றாக இருந்து, நம்ம எஸ்.எம்.பி.எஸ். போதாமல் அணைந்தால் கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் சோதனை, பிறகு சண்டை.

ஸ்டூடியோக்காரரின் கதை? மெக்கானிக் தன் கடையில் இருந்த பெரிய எஸ்.எம்.பி.எஸ்.சை வெளியே வைத்தே இணைத்து ஓட்டிக் காட்டினார். சில கம்பெனி கம்ப்யூட்டர்களில் மதர்போர்டு பவர் முனை வேறு மாதிரி இருக்கும். இதிலும் அப்படித்தான், அதற்கு மட்டும் தனி கேபிள் தேவைப்பட்டது. எக்ஸ்போர்ட் போட்டார்கள். பத்து நிமிடம் தாண்டியது. அரை மணி தாண்டியது. டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் 100 சதவீதம்.

கார்டு நல்லது. மதர்போர்டும் நல்லது. 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.சும் கேபிளும் வாங்கியதில், மதர்போர்டுக்குக் கேட்ட பணத்தில் பாதி கூட ஆகவில்லை.

"அடுத்த தடவை ஏதாவது வாங்கறதுக்கு முன்னாடி, எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரை செல்போன்ல போட்டோ எடுத்துட்டு வாங்க தம்பி. அதைக் காட்டிட்டு அப்புறம் கார்டு கேளுங்க" என்று சொல்லி அனுப்பினார் மெக்கானிக்.

அன்று ராத்திரியே முதல் கல்யாண வீடியோ பென் டிரைவில் ஏறியது. பாக்கி இன்னும் ஆறு.